வெளியூர் போகாத சாவி

1969-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 29-ஆம் தேதி, இரவு சுமார் பத்தரை மணி. கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் சார்லி கிளைன் என்ற மாணவர் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய 350 மைலுக்கு அப்பால், ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தது. இங்கே உட்கார்ந்தபடியே அங்கே நுழைந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நுழைவதற்கு "லாகின்" என்ற வார்த்தையை அடிக்க வேண்டும். "எல்" அடித்தார், போய்ச் சேர்ந்தது. "ஓ" அடித்தார், அதுவும் போய்ச் சேர்ந்தது. "ஜி" அடித்ததும் அந்தப் பக்கத்து யந்திரம் படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து அதை எழுப்பி உட்கார வைத்து, மறுபடியும் அடித்து உள்ளே போனார்கள்.

இன்று உலகம் பூராவும் பரவியிருக்கும் இன்டர்நெட்டுக்குப் பாட்டனார் அர்ப்பாநெட். அதிலே போன முதல் செய்தி இதுதான். யாரும் யாரையும் க்ஷேமம் விசாரிக்கவில்லை, வாழ்த்துச் சொல்லவில்லை. கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யார் அது?" என்று குரல் வரும். நம் பக்கத்தில் அதற்கு "நான்தான்" என்று பதில் சொல்வது வழக்கம். யோசித்துப் பார்த்தால் அதைவிட அர்த்தமில்லாத பதில் கிடையாது. ஆனாலும் கதவு திறந்துவிடுகிறது. குரலை வைத்தே ஆள் தெரிந்து போகிறது. கம்ப்யூட்டருக்குக் குரலும் தெரியாது, முகமும் தெரியாது. தூரத்திலிருந்து கம்பி வழியாக வரும் எழுத்துக்கள் எல்லாம் அதற்கு ஒன்றுதான். "நான்தான்" என்கிறவன் உண்மையிலேயே அவன்தானா என்று அது எப்படித் தெரிந்துகொள்ளும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டவர்களின் கதையை ஒரு சரித்திரமாகவே எழுதலாம். அந்தச் சரித்திரம், கடைசியில், ஒரு சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வியில் வந்து நிற்கிறது.

முதலில் வந்தது கடவுச்சொல். 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரின் தலைமையில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுக்கொள்ளும் முறை ஒன்றைச் செய்தார்கள். ஒருவர் காகிதங்களை மற்றவர் பார்க்காமல் இருக்க, ஆளுக்கு ஒரு ரகசியச் சொல். எல்லாருடைய சொற்களும் யந்திரத்துக்குள் ஒரே ஏட்டில் எழுதியிருந்தன. 1966-ல் ஒரு நாள், இரண்டு அதிகாரிகள் ஒரே சமயத்தில் இரண்டு ஏடுகளைத் திருத்தப் போய், ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும், வழக்கமான வரவேற்பு வாசகத்துக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன!

பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், உருத்தெரியாமல் அரைத்து வைத்தார்கள். ஆனால் மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் சொல் என்ன லட்சணத்தில் இருந்தது தெரியுமா? யூனிக்ஸ் என்ற பிரசித்தி பெற்ற அமைப்பை உருவாக்கிய கென் தாம்ஸனும், ராபர்ட் மாரிஸ் என்ற அவருடைய சகாவும் 1979-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்ததில் 2,831 சொற்கள் சுலபமாகக் கண்டுபிடிக்கக் கூடியவை. பதினைந்து பேர் ஒரே ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அதற்கு ரகசியம் என்று பெயர் கொடுத்திருந்தார்கள்.

கதை எழுதுகிறவன் கற்பனை செய்தால் "இதெல்லாம் நடக்குமா?" என்று வாசகர்கள் கேட்கக்கூடிய ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த மாரிஸுக்கு ஒரு பிள்ளை. அவர் பெயரும் ராபர்ட். 1988 நவம்பர் 2-ஆம் தேதி இந்தப் பிள்ளையாண்டான் ஒரு "புழு"வை எழுதி வலையில் விட்டார். ஒரு யந்திரத்திலிருந்து இன்னொரு யந்திரத்துக்கு அது தானாக ஊர்ந்து போயிற்று. போன வழிகளில் ஒன்று, பிறருடைய கடவுச்சொற்களை ஊகித்துப் பார்ப்பது! இன்னொன்று, யந்திரங்களுக்குள் இருந்த பரஸ்பர நம்பிக்கை. "அந்த யந்திரத்திலிருந்து வருகிறவரா? நம்மவர்தான், உள்ளே விடு" என்று எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கம் யூனிக்ஸ் உலகத்தில் இருந்தது. சொந்தக்காரன் என்று சொன்னால் இலை போட்டுவிடுகிற கல்யாண வீட்டைப் போல. அந்தப் புழு சுமார் ஆறாயிரம் யந்திரங்களைப் பீடித்தது என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை ஒன்று யார் கண்ணிலும் உறுத்தாமல் கிடந்தது. தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் போக எல்லாரும் டெல்நெட் என்ற முறையை உபயோகித்தார்கள். அதிலே கடவுச்சொல் தபால் கார்டில் எழுதின மாதிரி போகும். வழியில் எந்த யந்திரத்தில் யார் உட்கார்ந்து பார்த்தாலும் படிக்கலாம். ஒரு சொல் எவ்வளவு கடினமாக இருந்தால்தான் என்ன, அதைத் தெருவில் நின்று கத்தினால்?

பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். 1995-ஆம் வருஷத் தொடக்கத்தில், பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் பிரதான வலையில் ஒரு ஒட்டுக்கேட்கும் நிரல் அகப்பட்டது. யாரோ திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெயர்களும் கடவுச்சொற்களும் அதில் சேர்ந்திருந்தன. அங்கே டாட்டு இலோனென் என்று ஓர் ஆராய்ச்சியாளர் இருந்தார். சேர்ந்திருந்த பெயர்களில் அவர் நடத்தி வந்த கம்பெனியைச் சேர்ந்தவையும் இருந்தன. வேறு யாராவது புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். இலோனென் சங்கேத சாஸ்திரப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு படித்தார். சில மாதங்களில் ஒரு நிரல் எழுதினார். அதற்கு "செக்யூர் ஷெல்" என்று பெயர், சுருக்கமாக எஸ்.எஸ்.எச். கட்டளைகளை வரி வரியாக அடித்து யந்திரத்தை வேலை வாங்குகிறார்கள் அல்லவா, அந்த வேலையைத் தூரத்திலிருந்து பத்திரமாகச் செய்ய வழி.

ஒரு சில்லறை விஷயம், ஆனால் ரசமானது. கம்ப்யூட்டருக்கு வீதியைப் போல இலக்கமிட்ட வாசல்கள் உண்டு. 21-ஆம் வாசல் கோப்புகளை அனுப்ப. 23-ஆம் வாசல் டெல்நெட். நடுவில் 22 காலி மனை. இரண்டு வேலைகளையும் தம்முடைய நிரல் செய்யப் போவதால் அந்த இடம் கிடைத்தால் பொருத்தமாயிருக்கும் என்று இலோனென் நினைத்தார். 1995 ஜூலை 10-ஆம் தேதி, இலக்கங்களைக் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். மறுநாளே "22 உங்களுக்கு" என்று ஜாயிஸ் ரேனால்ட்ஸ் என்ற அம்மையாரிடமிருந்து பதில் வந்துவிட்டது. இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே ஒரு காலி மனை ஒரே நாளில், சிபாரிசு இல்லாமல், காசு இல்லாமல் பட்டாவாகிக் கிடைத்த சம்பவம் சரித்திரத்தில் வேறு எங்கேனும் உண்டோ என்னவோ! நிரலை இலவசமாகவே வெளியிட்டார். அந்த வருஷ முடிவுக்குள் ஐம்பது தேசங்களில் சுமார் இருபதாயிரம் பேர் அதை உபயோகித்தார்கள்.

எஸ்.எஸ்.எச். செய்த காரியம் இரண்டு. ஒன்று, போகிற வழியில் எவரும் படிக்க முடியாதபடி பேச்சு முழுவதையும் மறைத்தது. மற்றது, கடவுச்சொல்லே இல்லாமல் ஆளை அடையாளம் காணும் வழியைச் சாதாரண ஜனங்களின் கைக்குக் கொண்டுவந்தது. இந்த இரண்டாவதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால், கேட்ட மாத்திரத்தில் அது நடக்காத காரியமாகத் தோன்றும்: ரகசியத்தைச் சொல்லாமலே, "அந்த ரகசியம் என்னிடம் இருக்கிறது" என்று நிரூபிப்பது.

89,681 என்ற எண்ணை 96,079 ஆல் பெருக்குங்கள். பள்ளிக்கூடத்துப் பையன் ஐந்து நிமிஷத்தில் 861,64,60,799 என்று சொல்லிவிடுவான். இப்போது அந்தப் பெரிய எண்ணை மட்டும் கையில் கொடுத்து, "இதை எந்த இரண்டு எண்களைப் பெருக்கி எடுத்தேன்?" என்று கேட்டால், அவன் தாத்தாவும் திணறிப் போவார். 1874-ல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் இதே எண்ணைத் தம்முடைய புத்தகத்தில் போட்டு, என்னைத் தவிர வேறு எவருக்கும் இது தெரியவராது என்கிற தோரணையில் எழுதினார். இன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடும். ஆனால் எண்ணின் நீளத்தை நூற்றுக்கணக்கான இலக்கங்களாக்கிவிட்டால் கம்ப்யூட்டரும் தாத்தாவின் நிலைமைக்கு வந்துவிடுகிறது. போவதற்குச் சுலபம், திரும்புவதற்குப் பிரயாசை என்ற இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் ஜோடிச் சாவி ஒன்றைச் செய்தார்கள். ஒன்று பகிரங்கச் சாவி, ஊருக்கெல்லாம் கொடுக்கலாம். மற்றது அந்தரங்கச் சாவி, செய்தவனிடமே இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்படி ஒன்று சாத்தியம் என்று அதற்கு முந்திய வருஷமே ஸ்டான்போர்டில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் உலகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் முன்னால், 1970-லேயே, இங்கிலாந்து சர்க்காரின் ஒட்டுக்கேட்கும் இலாகாவில் ஜேம்ஸ் எல்லிஸ் என்ற உத்தியோகஸ்தர் இதை நினைத்துவிட்டார். 1973-ல், உத்தியோகத்தில் சேர்ந்து சில மாதங்களே ஆன கிளிபோர்டு காக்ஸ் என்ற இளைஞர் அதற்குக் கணக்கையும் கண்டுபிடித்துவிட்டார். சர்க்கார் இரண்டையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டியது. அமெரிக்கர்கள் அதே விஷயத்தைக் கண்டுபிடித்துப் புகழடைந்ததை இவர்கள் வாயைத் திறக்காமல் இருபது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997 டிசம்பரில்தான் பெட்டியைத் திறந்தார்கள். எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன், நவம்பர் 25-ஆம் தேதி, காலமாகிவிட்டார். பகிரங்கச் சாவியைக் கற்பனை செய்தவருடைய பெயர் பகிரங்கமாக அத்தனை காலம் பிடித்தது.

இருக்கட்டும். இந்த ஜோடிச் சாவி எஸ்.எஸ்.எச்.சில் எப்படி வேலை செய்கிறது? சாவி என்பதைவிட முத்திரை மோதிரம் என்று வைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். மோதிரம் உங்கள் விரலில் இருக்கிறது. அதன் பதிவின் மாதிரி ஒன்றைத் தூரத்துக் கோட்டையின் வாயிற்காவலனிடம் முன்னாலேயே கொடுத்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் போகும்போதெல்லாம் இரு தரப்பாரும் சேர்ந்து அப்போதைக்கென்று ஒரு புது அரக்கைத் தயார் செய்கிறீர்கள். அதிலே நீங்கள் முத்திரை குத்திக் கொடுக்கிறீர்கள். காவலன் மாதிரியோடு ஒத்துப் பார்த்து உள்ளே விடுகிறான். மோதிரம் உங்கள் விரலைவிட்டுக் கழலவே இல்லை. நேற்றுக் குத்திய அரக்கை இன்று எவனாவது கொண்டுவந்தால் செல்லாது. அந்த மாதிரியைப் பார்த்துப் பொற்கொல்லன் எவனும் வேறொரு மோதிரம் செய்துவிடவும் முடியாது. கோட்டையே எதிரியின் கையில் விழுந்தாலும் அவனுக்கு அகப்படுவது மாதிரிதானே ஒழிய மோதிரம் அல்ல. கடவுச்சொல் தினந்தோறும் வெளியூர் போய்வந்தது. இந்தச் சாவி வெளியூர் போவதே இல்லை.

ஆக, ஆபத்து முழுவதும் வீட்டிலேயே வந்து சேர்ந்தது.

என் தங்கையின் பிள்ளை இந்தத் தொழிலில் இருக்கிறான். ஒரு நாள் அவனைப் பிடித்து உட்கார்த்தி, ஒரு சாவி செய்து காட்டச் சொன்னேன். கறுப்புத் திரையைத் திறந்து "எஸ்எஸ்எச்-கீஜென்" என்று ஒரு கட்டளை அடித்தான். சாவியை எந்த இடத்தில் வைக்கட்டும் என்று அது கேட்டது. என்டர் பொத்தானைத் தட்டினான். சாவிக்கு ஒரு ரகசிய வாக்கியம் கொடு, வேண்டாமென்றால் காலியாக விடு என்றது. மறுபடி தட்டினான். அதையே இன்னொரு தரம் கொடு என்றது. மூன்றாவது தட்டு. முடிந்துவிட்டது. அடுத்த கணம் திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள், கோலப்பொடி கை தவறிச் சிந்தினாற்போல், புள்ளியும் கோடுமாக ஒரு படம் வந்தது. ஒவ்வொரு சாவிக்கும் அது வேறு வேறாக இருக்குமாம். கண்ணால் பார்த்து அடையாளம் சொல்வதற்காக.

"ரகசிய வாக்கியம் கேட்டதே, நீ ஒன்றும் கொடுக்கவில்லையே?" என்றேன்.

"நாளைக்கு நாற்பது தடவை உள்ளே போய் வெளியே வரணும் மாமா. ஒவ்வொரு தடவையும் அதை யார் அடிச்சுக்கிட்டிருக்கிறது?"

"அதற்குத்தான் ஏஜெண்ட் என்று ஒருவன் இருக்கிறானாமே?"

"இருக்கான் மாமா" என்று சிரித்தான். "அவனை யார் வேலைக்கு வச்சுக்கிறாங்க?"

இந்த மூன்றாம் தட்டில்தான் விஷயமே இருக்கிறது. கட்டளை இரண்டு கோப்புகளைச் செய்து, புள்ளியில் பெயர் ஆரம்பிக்கும் ஒரு மறைவான அறையில் வைக்கிறது. ஒன்றின் பெயர் "பப்" என்று முடியும், அது பகிரங்கம். மற்றதுதான் அந்தரங்கச் சாவி. ரகசிய வாக்கியம் கொடுத்திருந்தால் அந்தச் சாவியே இன்னொரு பெட்டிக்குள் பூட்டப்பட்டு இருக்கும். கோப்பைத் திருடியவனுக்குக் கிடைப்பது திறக்காத பெட்டி. கொடுக்காவிட்டால்? நடு முற்றத்தில் ஆணியில் தொங்குகிற சாவிதான். கோப்பை நகல் எடுத்தவனெல்லாம் நீங்களே.

நிரல் எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்ல. யூனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று இலக்கத்தில் ஓர் உரிமைக் கணக்கு உண்டு. முதல் இலக்கம் சொந்தக்காரனுக்கு, அடுத்தது அவன் கூட்டத்தாருக்கு, மூன்றாவது ஊராருக்கு. படிக்க 4, எழுத 2. அந்தரங்கச் சாவிக்கு 600 என்று போட வேண்டும்: எனக்கு ஆறு, மற்றவர்களுக்குப் பூஜ்யம். பிறரும் படிக்கும்படி விட்டிருந்தால் எஸ்.எஸ்.எச். திரை நிறைய எச்சரிக்கை அடித்து, அந்தச் சாவியைத் தொடவே மாட்டேன் என்று நின்றுவிடும். சாவியைக் கண்ட இடத்தில் போட்ட எஜமானனிடம் வேலை செய்ய மறுக்கிற காவலன்! எனக்கு இந்தக் குணம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அந்த ஏஜெண்டும் நல்ல யோசனைதான். காலையில் ஒரு தடவை "எஸ்எஸ்எச்-ஆட்" என்ற கட்டளையால் சாவியை அவனிடம் சேர்த்து, ரகசிய வாக்கியத்தைச் சொன்னால் போதும். திறந்த சாவியை அவன் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, முத்திரை குத்த வேண்டிய போதெல்லாம் குத்திக் கொடுப்பான். சாவியை மட்டும் யாரிடமும் காட்டமாட்டான். யந்திரத்தை நிறுத்தினால் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். இத்தனை விநாடிக்குத்தான் ஞாபகம் வைத்துக்கொள் என்று கெடு வைக்கவும் வழி உண்டு. பழைய சாவிக்கு இப்போது வாக்கியம் போட வேண்டுமானால், சாவியை மாற்றாமலே போடலாம். சாவி செய்த அதே கட்டளையோடு "பி" என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஆயிற்று. ஆனால் இந்த ஏஜெண்டைத் தூரத்துக் கம்ப்யூட்டர்வரை கூடவே அழைத்துக்கொண்டு போகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே சர்வாதிகாரம் படைத்தவன் யாராவது கெட்டவனாக இருந்தால், நீங்கள் உள்ளே இருக்கும் வரையில் உங்கள் ஏஜெண்டை அவன் வேலை வாங்கிக்கொள்ளலாம். தேவையில்லாமல் இதைச் செய்யாமலிருப்பது நலம்.

நடுவில் நடந்த ராஜ்ய மாற்றத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். இலோனென் கம்பெனி ஏற்படுத்தி, பின் பதிப்புகளுக்கு நிபந்தனைகளை இறுக்கினார். கனடாவின் கால்கரி நகரத்தில் தியோ டி ராட் என்பவர் தலைமையில் இயங்கிய ஓபன்பிஎஸ்டி கோஷ்டியார், பழைய இலவசப் பதிப்பிலிருந்து கிளை பிரித்து, 1999 டிசம்பரில் "ஓபன்எஸ்எஸ்எச்" என்று வெளியிட்டார்கள். 2001-ல் பெயரை மாற்றச் சொல்லி இலோனென் கேட்டார், அவர்கள் மாற்றவில்லை. இன்று உலகத்தில் பெரும்பாலான யந்திரங்களில் இருப்பது இந்தக் கிளைதான்.

கணிதம் ஒருபோதும் தோற்கவில்லையா என்று கேட்பீர்கள். ஒரு தடவை தோற்றது போலிருந்தது. ஆனால் குற்றவாளி கணிதம் அல்ல. சாவி செய்வதற்கு யாரும் ஊகிக்க முடியாத ஓர் எண் வேண்டும்; சோழி குலுக்கிப் போடுவதுபோல. டெபியன் என்ற இலவச அமைப்பில் 2006-ஆம் வருஷம், பிழை திருத்தும் கருவி ஒன்று முறையிட்டதன்பேரில், இரண்டு வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் சோழியைக் குலுக்குகிற வரி! அதன் பிறகு அங்கே செய்யப்பட்ட சாவிகள், ஒரே வகை யந்திரத்தில் ஒரே அளவாக இருந்தால், மொத்தம் 32,767 வகைதான். உலகத்தில் இது ஒன்றே என்று மக்கள் நம்பிக்கொண்டிருந்த சாவி, ஒரு சாக்கு நிறையச் சாவிகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவனுக்குத் திறந்துவிடும். ஏறக்குறைய இரண்டு வருஷம் ஒருவருக்கும் தெரியவில்லை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தச் சாவிகளை எல்லாம் ஜாபிதா போட்டு, எங்கே கண்டாலும் தள்ளிவிடு என்று காவலர்களுக்கு உத்தரவு போயிற்று.

மற்ற ஆபத்துக்கள் எல்லாம் பழைய ராஜ தந்திரக் கதைகளில் வருபவை. வடமொழியில் விசாகதத்தர் எழுதிய முத்ராராக்ஷஸ நாடகத்தில் அமாத்திய ராக்ஷசன் தன் மனைவியை நண்பன் வீட்டில் பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டுப் போகிறான். முத்திரை மோதிரம் அவளிடம் இருக்கிறது. வாசலுக்கு ஓடுகிற குழந்தையை எட்டிப் பிடிக்கும்போது விரலிலிருந்து மோதிரம் நழுவி உருண்டு ஓர் ஒற்றன் காலடியில் விழுகிறது. ஒற்றன் அதைச் சாணக்கியனிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அப்புறம் சாணக்கியன் சும்மா இருப்பானா? ஒரு கடிதம் தயார் செய்து, அதன்மேல் ராக்ஷசனுடைய முத்திரையையே குத்துகிறான். ராக்ஷசன் எழுதவில்லை, ஆனால் முத்திரை பொய்யில்லை. "நான் இல்லை" என்று அவன் யாரிடம் போய்ச் சொல்லுவான்?

2012 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற அமைப்பின் இரண்டு யந்திரங்களில் அந்நியர்கள் புகுந்திருந்தது தெரியவந்தது. பூட்டை உடைக்கவில்லை. அங்கே போக உரிமையுள்ள ஒருவருடைய எஸ்.எஸ்.எச். சாவி எப்படியோ வெளியே கசிந்திருந்தது. அதைக் கொண்டு கௌரவமாக முன்வாசல் வழியாகவே வந்தார்கள். 2023 மார்ச்சில் கிட்ஹப் என்ற பெரிய ஸ்தாபனத்தின் வாயிற்காவலனுக்கு உரிய அந்தரங்கச் சாவி ஒன்று, பலரும் பார்க்கும் இடத்தில் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டது. யாரும் எடுத்ததாகத் தெரியாவிட்டாலும், உடனே புதுச் சாவிக்கு மாறிக்கொண்டார்கள்.

2020 மே மாதம் நடந்தது இவற்றைவிடப் பெரிது. கொரோனா ஊரடங்கில் ஐரோப்பா முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் வீட்டிலிருந்தபடி ராட்சச கம்ப்யூட்டர்களை உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே விஞ்ஞானிக்கு எடின்பரோவில் ஒரு கணக்கு, ஜெர்மனியில் ஒரு கணக்கு என்று இருக்கும். திருட்டுப்போன அடையாளங்களைக் கொண்டு சிலர் ஒரு கேந்திரத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து அடுத்ததற்குத் தாவினார்கள். எதற்கு? அந்த மகத்தான யந்திரங்களைக் கொண்டு எண்ணியல் நாணயம் தோண்டுவதற்கு என்று அப்போது சொன்னார்கள்! பிரிட்டனில் எடின்பரோ சர்வகலாசாலையிலிருந்த ஆர்ச்சர் யந்திரத்தை மே 11-ஆம் தேதி மூடினார்கள். பழைய கடவுச்சொற்களும் சாவிகளும் ஒன்று விடாமல் செல்லாது என்று அறிவித்தார்கள். இனிமேல் உள்ளே வர வேண்டுமானால், ரகசிய வாக்கியம் போட்ட சாவியும் வேண்டும், கூடவே கடவுச்சொல்லும் வேண்டும் என்றார்கள். எந்தச் சாவி திருடுபோயிற்று, எது போகவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியாதபோது, எல்லாவற்றையும் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழி என்ன?

திருடுபோன சாவியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். திருடு போகாத சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அபிப்பிராயத்தில் அதுதான் இதைவிட விசாரமான விஷயம்.

தூரத்து யந்திரத்தில், உள்ளே வர அனுமதி பெற்றவர்களின் பகிரங்கச் சாவிகள் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கும். ஆளுக்கு ஒரு வரி. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் ஒரு வரி சேரும். அவசரத்துக்கு ஒரு குத்தகைக்காரர் வந்தால் இன்னொரு வரி. நடு ராத்திரியில் ஒரு யந்திரம் இன்னொரு யந்திரத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டுமென்றால் அதற்கொரு சாவி. அது தூங்குகிறவரை எழுப்பி ரகசிய வாக்கியம் கேட்க முடியாதாகையால், பெரும்பாலும் வாக்கியம் இல்லாத சாவி. வரி சேர்ப்பதற்கு எப்போதும் ஒரு காரணமும் அவசரமும் இருக்கும். எடுப்பதற்கு யாருக்கும் அவசரமில்லை. ஒருவர் உத்தியோகத்தை விட்டுப் போகும்போது மாலை போட்டு, காபி கொடுத்து, மேஜைச் சாவியையும் வாசல் அட்டையையும் ஞாபகமாக வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒரு வரி அப்படியே இருக்கிறது. சாவிக்குத் தேதி கிடையாது. அது பத்து வருஷம் கழித்தும் திறக்கும்.

தேதி போட முடியாதா என்றால், முடியும். ஓபன்எஸ்எஸ்எச்சில் 2010 முதலே, இன்ன தேதி வரைக்கும்தான் செல்லும் என்று எழுதின அத்தாட்சிப் பத்திரத்தைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. 2020 முதல், விரலளவு சாதனம் ஒன்று இல்லாமல் வேலை செய்யாத சாவியும் செய்யலாம். வழக்கமாக அதைக் கையால் தொட்டால்தான் முத்திரை விழும். தெரிந்தவர்கள் உபயோகிக்கிறார்கள். மற்றவர்கள் மூன்று தட்டுத் தட்டுகிறார்கள்.

2015 அக்டோபரில் அமெரிக்க சர்க்காரின் தர நிர்ணய நிலையம் இந்தச் சாவிகளின் நிர்வாகத்தைப் பற்றியே ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய ஸ்தாபனங்களில் சாவிகள் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பெருகிக் கிடப்பதையும், வேலை முடிந்த பிறகு அவற்றை நீக்க வேண்டியதையும் அது விஸ்தாரமாகப் பேசுகிறது. எழுதியவர்களில் முதல் பெயர் டாட்டு இலோனென். ஹெல்சிங்கியில் எல்லாருக்கும் சாவி செய்து கொடுத்தவரே, இருபது வருஷம் கழித்து, யார் யாரிடம் என்னென்ன சாவி இருக்கிறது என்று கணக்கெடுங்கள் என்று சொல்ல வந்தார்.

கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு அந்தக் கோப்பில் ஒரே ஒரு தடயம்தான் உண்டு. ஒவ்வொரு வரியும் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக நீண்டு, முடிவில் ஒரு சின்னக் குறிப்போடு நிற்கும். சாவியைச் செய்தபோது அந்தக் கட்டளை தானாக எழுதி வைத்தது அது: செய்தவரின் பெயர், அவர் அன்று உட்கார்ந்திருந்த யந்திரத்தின் பெயர். கம்ப்யூட்டர் அந்தக் குறிப்பை நம்பி யாரையும் உள்ளே விடுவதில்லை. அது நிஜமா என்று பார்ப்பதும் இல்லை. மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் இருக்கிறது. பழைய யந்திரம் ஒன்றில் அந்தக் கோப்பைத் திறந்தால், எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களும், எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்ட கம்ப்யூட்டர்களின் பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பொறுப்பில் இருக்கும் யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகப் படித்து, "இவர் யார்? இப்போது எங்கே இருக்கிறார்?" என்று பக்கத்து மேஜைக்காரரைக் கேட்க வேண்டியிருக்கிறது.